மலைச்சரிவில் பாத்தி எந்தப் பக்கம் ஓடுகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜனவரி பிறந்துவிட்டால் நீலகிரியிலிருந்து தண்ணீர்த் தட்டுப்பாட்டுச் செய்திகள் வரத் தொடங்கும். ஓடை வற்றியது, பாசனத்தை நம்பி நீர்போகத்துக்கு நட்ட உருளைக்கிழங்கு காய்கிறது, காலிக் குடங்களுடன் சாலை மறியல் என்று மார்ச் முடியும்வரை அவை தொடரும். அதே மாவட்டத்திலிருந்து மழைக்காலத்தில் வருபவை மண்சரிவுச் செய்திகள். 2009 நவம்பரில் கேத்தி, குன்னூர், கோத்தகிரி பகுதிகளில் சரிந்த மண் நாற்பதுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. இவ்வளவு மழை பெய்யும் மலையில் மூன்றே மாதத்தில் தண்ணீர் இல்லாமல் போவது ஏன் என்ற கேள்விக்கு, பண்ணைக் குட்டை வெட்டுங்கள், தடுப்பணை கட்டுங்கள் என்பதே பதிலாகச் சொல்லப்படுகிறது. இரண்டும் தேவைதான். ஆனால் அவற்றுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை காய்கறித் தோட்டத்தின் பாத்தியில் இருக்கிறது. அதைச் செய்யாமல் வெட்டும் குட்டையும் கட்டும் அணையும் சில பருவங்களில் சேறு நிரம்பிக் கிடக்கும்.

கணக்கைப் பார்ப்போம். ஒரு ஏக்கரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஏறத்தாழ 4,000 லிட்டர் தண்ணீர். 50 மில்லிமீட்டர் மழைக்கு 2 லட்சம் லிட்டர். அதில் மூன்றில் ஒரு பங்கு நிலத்தில் இறங்காமல் ஓடினாலும் 65,000 லிட்டருக்கு மேல் ஒரே மழையில் கீழே போய்விடுகிறது. போகிற தண்ணீர் சும்மா போவதில்லை. ஏக்கர் முழுவதும் 1 மில்லிமீட்டர் மண் கழிந்தால் அது 4 கன மீட்டர், எடையில் சுமார் 5 டன். கண்ணுக்குத் தெரியாத தடிமன்தான், ஆனால் ஒரு சிறிய டிப்பர் லோடு. அதுவும் எருவும் சுண்ணாம்பும் போட்டுப் பக்குவப்படுத்திய மேல்மண். குந்தா மின் திட்டத்தின் நீர்த்தேக்கங்களிலும், கோவைக்குக் குடிநீர் தரும் பில்லூர் அணையிலும் படியும் வண்டலில் இந்த மண்ணுக்குப் பங்கு உண்டு.

எமரால்டு, கேத்தி பாலாடா, முத்தோரை, தும்மனட்டி என்று எந்தப் பக்கம் போனாலும் சரிவின் மேலிருந்து கீழாக, கோடு கிழித்தாற்போல் இறங்கும் கேரட் பாத்திகளைப் பார்க்கலாம். இரண்டு பாத்திகளுக்கு இடையிலுள்ள கால்வாய் ஒவ்வொன்றும் மழைநாளில் ஓர் ஓடை. விவசாயிகள் இது தெரியாமல் செய்வதில்லை. குறுக்குப் பாத்தியில் தண்ணீர் தேங்கினால் கேரட் அழுகும், உருளைக்கிழங்கில் இலைக்கருகல் நோய் ஏறும். மேலிருந்து கீழாகப் பாத்தி எடுத்தால் கொத்துவதற்கும் களையெடுப்பதற்கும் வசதி, ஒப்பந்தக் கூலிக்கு வருபவர்களும் அப்படித்தான் எடுத்துப் பழகியிருக்கிறார்கள். பாகப் பிரிவினையில் நிலத்தை மேலிருந்து கீழாக நாடா நாடாவாகப் பிரித்துக்கொண்ட குடும்பங்களில், குறுக்கே பாத்தி எடுக்க இடமே பதினைந்து, இருபது அடிதான் இருக்கும். இந்தக் காரணங்கள் எல்லாம் நியாயமானவை. ‘குறுக்கே பாத்தி போடுங்கள்’ என்று கூட்டத்தில் சொல்லிவிட்டுப் போவது பலிக்காததற்கு இவையே காரணம்.

தேங்கவும் கூடாது, பாயவும் கூடாது என்றால் பாத்தி முழுச் சமமட்டத்தில் இருக்கக் கூடாது. நூறு அடிக்கு அரை அடி முதல் ஒரு அடிவரை இறக்கம் கொடுத்து, சரிவுக்குக் குறுக்கே எடுக்க வேண்டும். சரிவுக்குக் குறுக்கே எடுத்தும் தோற்றுப்போன தோட்டங்களில் பெரும்பாலும் நடந்திருப்பது ஒன்றுதான். கண்மதிப்பில் மட்டம் பார்த்திருப்பார்கள். மலையில் கண் ஏமாற்றும். எதிர்ச்சரிவு தெரிவதால், இறங்குகிற கோடு ஏறுவது போலத் தோன்றும். எங்கோ ஓரிடத்தில் பாத்தி பள்ளமாக அமைந்து, மொத்த வாய்க்கால் தண்ணீரும் அங்கே சேர்ந்து வரப்பை உடைக்கும். ஒரு பாத்தி உடைந்தால் அதன் தண்ணீர் அடுத்ததையும் சேர்த்துக்கொண்டு கடைசிப் பாத்திவரை உடைத்துப் போகும். மேலிருந்து கீழான பாத்தியைவிட அதிகச் சேதம் ஒரே மழையில் வந்துவிடும். அதன் பிறகு அந்த விவசாயியைக் குறுக்குப் பாத்திக்குத் திருப்புவது கடினம்.

மட்டம் பார்க்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. ஏழு அடிக் கம்புகள் இரண்டு, நாலடிக் கம்பு ஒன்று, கயிறு, ஒரு கல் போதும். இரண்டு நீளக் கம்புகளையும் உச்சியில் சேர்த்துக் கட்டி, கால்களின் நுனிகளுக்கிடையே சரியாக 2 மீட்டர் இருக்கும்படி விரித்து, நடுவில் குறுக்குக் கம்பைக் கட்டினால் ஆங்கில ‘ஏ’ எழுத்து வடிவில் ஒரு சட்டம் கிடைக்கும். உச்சியிலிருந்து கயிற்றில் கல்லைத் தொங்கவிட வேண்டும். முதலில் சட்டத்துக்கு மட்டம் பிடிக்க வேண்டும். இரண்டு முளைகளை அடித்து அவற்றின் மேல் கால்களை வைத்து, கயிறு குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தில் கோடு போடுங்கள். பிறகு கால்களை இடம் மாற்றி வைத்து மறுபடி கோடு போடுங்கள். இரண்டு கோடுகளுக்கும் நடுப்புள்ளிதான் சரிமட்டம். இந்த ஒரு வேலையை விட்டுவிட்டு, கம்பின் நடுவை அளந்து குறி வைப்பவர்கள் உண்டு. இரண்டு கம்புகளும் ஒரே நீளமாக இருந்தால்தான் அது சரிவரும். காட்டுக் கம்பில் அது அமைவது அரிது.

இறக்கம் வேண்டுமென்றால், தண்ணீர் போக வேண்டிய திசையில் முன்னே செல்லும் காலின் அடியில் 2 சென்டிமீட்டர் கனமுள்ள மரத்துண்டைக் கட்டிவிட்டுச் சரிமட்டம் பார்த்துக்கொண்டே போங்கள். 2 மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் என்றால் நூற்றுக்கு ஒன்று. 1 சென்டிமீட்டர் கட்டினால் நூற்றுக்கு அரை. கால் வைக்கும் இடந்தோறும் ஒரு முளை. பத்துப் பன்னிரண்டு முளை அடித்த பிறகு தள்ளி நின்று பார்த்தால் கோடு கொஞ்சம் கோணலாகத் தெரியும். ஓரிரு முளைகளை அரை அடி மேலோ கீழோ நகர்த்திக் கோட்டை நெளிவின்றி ஓட வைக்கலாம், அதற்கு மேல் நகர்த்தக் கூடாது. காற்று வீசும் நேரத்தில் கல் ஆடிக்கொண்டே இருக்கும். காலையில் செய்வது நல்லது. கொத்தனார்கள் பயன்படுத்தும், தண்ணீர் நிரப்பிய டியூப் லெவலும் இதற்கு உதவும். ஆனால் குழாய்க்குள் ஒரு காற்றுக்குமிழி நின்றாலும் மட்டம் தப்பும் என்பதை மறக்கக் கூடாது.

சரிவில் சுமார் 10 மீட்டருக்கு ஒன்றாக இப்படி வழிகாட்டிக் கோடுகள் போட்டு, ஒவ்வொரு கோட்டுக்கும் இணையாக அதன் கீழ்ப்பக்கம் பாத்திகளை எடுத்துக்கொண்டே வர வேண்டும். மலைச்சரிவு எங்கும் ஒரே சீராக இருக்காது என்பதால் அடுத்த கோட்டை நெருங்கும்போது முக்கோணமாகத் துண்டு நிலம் மிஞ்சும். அதிலும் நாலு வரிசை கேரட் போட ஆசை வரும். அங்கே புல்லை விட்டுவிடுவதுதான் சரி. பாத்தி நூறு அடியைத் தாண்டாமல் வடிகாலில் போய்ச் சேர வேண்டும். நீளம் கூடக்கூடக் கடைசிப் பகுதியில் சேரும் தண்ணீர் பாத்தியின் தாங்கும் சக்தியை மீறும்.

இந்த வடிகாலைத்தான் அநேகமாக எல்லோரும் கடைசியில் நினைக்கிறார்கள். பாத்திக்கு முன்பே, முடிந்தால் ஒரு பருவம் முன்பே அது தயாராக இருக்க வேண்டும். ஒரு ஏக்கர் காய்கறி நிலத்தில் மணிக்கு 75 மில்லிமீட்டர் வேகத்தில் மழை அடித்து அதில் பாதி ஓடினால், நொடிக்கு 40 லிட்டர் தண்ணீர் வடிகாலுக்கு வரும். ஒன்றரை அடி அகலமும் ஒரு அடி ஆழமும் உள்ள கல் பரப்பிய வடிகால் அதைத் தாராளமாகத் தாங்கும். வெறும் மண்ணில் வெட்டிய வடிகால் தாங்காது, அதே அளவு தண்ணீர் அதை ஒரே மழைக்காலத்தில் இடுப்பளவு பள்ளமாக்கிவிடும். அடித்தளத்திலும் பக்கங்களிலும் தட்டைக் கல் பதித்து, இரண்டு மூன்று மீட்டருக்கு ஒரு படி வைத்து இறக்க வேண்டும். படிக்குக் கீழே தண்ணீர் விழும் இடத்தில் பெரிய கல்லாகப் போட வேண்டும். சிமென்ட் பூசினால் தண்ணீரின் வேகம் கூடும், பூச்சுக்கு அடியில் மண் அரித்து வெற்றிடமாகி ஒருநாள் பாளமாக உடைந்து இறங்கும். கல் கிடைக்காத, சாய்வு குறைந்த இடங்களில் புல் வடிகால் போதும், ஆனால் புல் வேர்பிடிக்க ஒரு பருவம் விட வேண்டும்.

வடிகால் ஒருவர் நிலத்தோடு முடிவதில்லை. மேல்தோட்டத்துக்காரரின் வடிகால் கீழ்த்தோட்டத்துக்காரரின் பாத்தியில் போய் விழுந்தால் அது வழக்கில்தான் முடியும். சாலையோரத் தண்ணீரும் அப்படித்தான். அரை கிலோமீட்டர் சாலையின் தண்ணீரைச் சேர்த்து சாலைக்கு அடியில் செல்லும் ஒரு கல்வெர்ட் வழியாகத் தோட்டத்தின் தலையில் விட்டுவிட்டுப் போகும் இடங்கள் ஏராளம். எட்டுப் பத்துக் குடும்பங்களின் நிலங்களைச் சேர்த்து, உச்சியிலிருந்து ஓடைவரை ஒரே வடிகாலாகத் திட்டமிடுவதை ஊராட்சிதான் எடுத்துச் செய்ய வேண்டும். தனித்தனி மானியத்தில் இந்தக் காரியம் நடக்காது.

இனி படிக்கட்டு வயல். சாய்வு நூற்றுக்குப் பதினைந்து, இருபதைத் தாண்டினால் பாத்தியின் திசை மட்டும் காப்பாற்றாது, படி வெட்டித்தான் ஆக வேண்டும். சாய்வை அளப்பது எளிது. ஒரு மீட்டர்க் கம்பை ரசமட்டம் வைத்துப் படுக்கையாகப் பிடித்து, கீழ்நுனியிலிருந்து தரைவரை அளந்தால் எத்தனை சென்டிமீட்டரோ அத்தனை சதவீதம். 25 சதவீதச் சாய்வில் 3 மீட்டர் அகலப் படி வேண்டும், படிச்சுவர் ஒரு அடி உயரத்துக்கு அரை அடி உள்வாங்கும் (ஒன்றுக்கு அரை) சரிவில் நிற்க வேண்டும் என்றால், ஒரு படிக்கும் அடுத்ததற்கும் உயர வித்தியாசம் சுமார் 85 சென்டிமீட்டர் வரும். அதில் பாதி, 43 சென்டிமீட்டர், உள்பக்கம் வெட்டும் ஆழம். நல்ல மண் அதைவிட ஆழமாக இல்லாவிட்டால் படியின் உள்பாதியில் சரளைதான் மிஞ்சும். அங்கே குறுகலான படியே சரி. வெட்டும் முன் மேல்மண்ணை அரையடிக்குச் சீவித் தனியே ஒதுக்க வேண்டும். அடிப்படியிலிருந்து வேலையைத் தொடங்கி மேலே ஏறினால், மேற்படிக்குச் சீவும் நல்ல மண்ணைக் கீழ்ப்படியில் நேராகப் பரப்பலாம், சுமக்கும் வேலை பாதியாகக் குறையும். இதைச் செய்யாமல் இயந்திரம் வைத்து வெட்டித் தள்ளிய படிகளில் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு விளைச்சல் சரியாக வராது. ‘படி வெட்டினால் நிலம் கெட்டுவிடும்’ என்ற பேச்சு அங்கிருந்துதான் பிறக்கிறது.

நம் மழைக்குப் படி வெளிப்பக்கம் சாயக் கூடாது, உள்பக்கம் சாய வேண்டும். 3 மீட்டர் அகலத்துக்கு 7 சென்டிமீட்டர் போதும். சுவரடியில் ஓடும் சிறு வாய்க்கால் நூற்றுக்கு ஒன்று இறக்கத்தில் வடிகாலை அடைய வேண்டும். இந்த அளவுகளில் நிலத்தில் எட்டில் ஒரு பங்கு படிச்சுவருக்குப் போகும். விவசாயிகள் தயங்குவது அதற்காகத்தான். சுவரில் தீவனப்புல் வளர்த்தால் அந்த இடமும் வீணில்லை. தேயிலைத் தோட்டங்களில் பழக்கமான குவாட்டிமாலா புல் நன்றாகப் பிடிக்கும். வெட்டிவேர் நல்லதுதான், ஆனால் உறைபனி விழும் பள்ளத்தாக்குகளில் மெல்லத்தான் வளரும். கிக்கூயு புல் தானாகவே வந்து சுவரை இறுகப் பிடித்துக்கொள்ளும், ஓரத்தை அடிக்கடி வெட்டாவிட்டால் பாத்திக்குள்ளும் புகுந்துவிடும். களை என்று சொல்லிச் சுவர்ப்புல்லை மருந்தடித்துக் கருக்குவதும், இன்னொரு வரிசை கேரட்டுக்காகச் சுவரின் அடியை மண்வெட்டியால் சீவிச் செங்குத்தாக்குவதும் படி சரிவதற்கு முதல் காரணங்கள். மழை பெய்து சரிந்தது என்பார்கள். அடியைப் போய்ப் பார்த்தால் வெட்டுத் தடம் இருக்கும்.

அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் இடையில் நிலத்தை வெறுமையாகப் போடுவதும் பெரிய இழப்பு. கோடை மழையின் கனத்த துளிகள் பொடியாக்கிய மண்ணில் விழுந்தால் மேற்பரப்பு மெழுகியது போல் மூடிக்கொள்ளும், பிறகு தண்ணீர் உள்ளே இறங்காது. இடைவெளி ஒன்றரை மாதத்துக்கு மேல் இருந்தால் ஓட்ஸோ, பயறு வகையைச் சேர்ந்த லூப்பினோ விதைத்து, பூக்கும் சமயத்தில் மடக்கி உழலாம். கோழி எருவை மழைக்கு முன் மேலாகத் தூவிவிட்டுப் போவது, ஓடையில் குடிநீர் எடுக்கும் ஊருக்குச் செய்யும் தீங்கு. அதைப் பாத்திக்குள் மூட வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1961-இல் நீலகிரியில் கண்டறியப்பட்ட உருளைக்கிழங்கு நூற்புழுவின் முட்டைக்கூடுகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும், அரிக்கும் மண்ணோடு அவை கீழ்த்தோட்டத்துக்கும் போகும். மேல்தோட்டம் மண்ணைப் பிடித்து வைத்தால் கீழ்த்தோட்டத்துக்கு நோயும் குறையும்.

ஏற்கெனவே விழுந்துவிட்ட பள்ளங்களுக்குக் கல் தடுப்புகள் கட்டலாம். ஒரு பெரிய தடுப்பைவிடப் பல சிறிய தடுப்புகள் நிற்கும். மேல் தடுப்பின் அடிமட்டமும் கீழ்த் தடுப்பின் தலைமட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே இடைவெளியின் கணக்கு. பள்ளத்தின் அடி 20 சதவீதம் சாய்ந்து, தடுப்பு 60 சென்டிமீட்டர் உயரம் என்றால் 3 மீட்டருக்கு ஒன்று. அடியில் ஒரு அடி அஸ்திவாரம் தோண்ட வேண்டும், இரு கரைகளுக்குள்ளும் ஒன்றரை அடி புதைக்க வேண்டும். நடுப்பகுதி ஓரங்களைவிட முக்கால் அடியாவது தாழ்ந்திருக்க வேண்டும். அழகுக்காகத் தலையைச் சமமாகக் கட்டினால் தண்ணீர் ஓரம் வழியாகத் திரும்பிக் கரையை அறுத்துக்கொண்டு போய்விடும், தடுப்பு மட்டும் நடுவில் தனியாக நிற்கும். தண்ணீர் விழும் கீழ்ப்பக்கத்தில் தடுப்பின் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு நீளத்துக்குக் கல் பரப்ப வேண்டும். மதிப்பீட்டில் முதலில் வெட்டப்படுவது இந்தக் கல் பரப்பும் செலவுதான், முதலில் போவதும் அந்த இடம்தான்.

தேயிலையில் ‘லாக் அண்ட் ஸ்பில்’ குழிகள் வெகுகாலமாகப் புழக்கத்தில் உள்ளவை. வரிசைகளுக்கிடையே சம உயரத்தில் ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம், பத்தடி நீளத்தில் குழி எடுத்தால் ஒன்றில் சுமார் 640 லிட்டர் நிற்கும். ஏக்கருக்கு 75 குழி என்றால் 48,000 லிட்டர், அதாவது 12 மில்லிமீட்டர் மழை ஒரு சொட்டுப் போகாமல் நிலத்துக்குள் இறங்கும். குழிகளுக்கிடையே விடும் மண்தடுப்பு தரைமட்டத்தைவிட அரையடி தாழ்ந்திருந்தால் நிரம்பிய தண்ணீர் பக்கத்துக் குழிக்கு மெதுவாக வழியும். ஜூனுக்கு முன்னும் அக்டோபருக்கு முன்னும் குழியில் சேர்ந்த மண்ணை அள்ளி மேல்பக்கச் செடிகளுக்கு அணைக்க வேண்டும். சிறு தேயிலை விவசாயிகள் பலர் பசுந்தேயிலை விலை குறைந்த காலத்தில் இந்தச் செலவை நிறுத்திவிட்டார்கள். குழி இருந்த சுவடே இல்லாத தோட்டங்கள் இப்போது நிறைய.

ஆனால் எங்கும் தண்ணீரை நிறுத்திவிடக் கூடாது. நீலகிரியின் பாறைக்கு மேல் பல இடங்களில் மிக ஆழமான செம்மண் போர்வை இருக்கிறது. செங்குத்துச் சரிவில் அது நீரை உறிஞ்சிக் கனத்தால் மொத்தமாக இறங்கும். வீடுகளுக்கும் சாலைக்கும் நேர் மேலே உள்ள செங்குத்துச் சரிவில், பிறை வடிவ வெடிப்பு தெரியும் இடத்தில், மரங்கள் ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கும் இடத்தில், ஊற்றுநீர் திடீரெனக் கலங்கி வரும் இடத்தில் தண்ணீர் நிறுத்தும் குழி எடுப்பது ஆபத்தை வெட்டி வைப்பதாகும். அங்கே செய்ய வேண்டியது நேர்மாறான வேலை. சரிவின் தலையில் கல் பதித்த குறுக்கு வடிகால் வெட்டி, வருகிற தண்ணீரைப் பக்கத்து ஓடைக்குத் திருப்பிவிட வேண்டும். சமவெளிக்கு எழுதிய திட்டத்தை அப்படியே மலைக்குக் கொண்டுவந்து, ஏக்கருக்கு இத்தனை குழி என்று இலக்கு வைப்பதில் உள்ள பிழை இதுதான். 2003-இல் தமிழகம் முழுதும் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பும் இங்கே அப்படித்தான். தடுப்புச்சுவருக்குப் பின்னால் கசிவுக்குழி தோண்டினால் சுவர் வயிறு தள்ளும். மலையில் கூரைநீரைத் தொட்டியில்தான் பிடிக்க வேண்டும். ஆயிரம் சதுர அடிக் கூரையில் 1,200 மில்லிமீட்டர் மழைக்கு ஆண்டில் 85,000 லிட்டருக்குக் குறையாமல் கிடைக்கும். மழைநிழலில் உள்ள மசினகுடி, மாவனல்லா பக்கம் நிலைமை வேறு. அங்கே சரிவு மெல்லியது, மழையும் குறைவு, சமமட்ட வரப்பு போட்டுத் தண்ணீரை முழுதாக நிறுத்தலாம்.

பண்ணைக் குட்டையைப் பற்றி நம்பிக்கை அளவுக்கு மீறி இருக்கிறது. மேலே 6 மீட்டர் சதுரம், அடியில் 3 மீட்டர் சதுரம், ஒன்றரை மீட்டர் ஆழம் என்று ஒன்றுக்கு ஒன்று சரிவில் வெட்டினால் கொள்ளளவு 31,500 லிட்டர். பத்து சென்ட் கேரட்டுக்கு 15 மில்லிமீட்டர் அளவில் ஒரு தண்ணீர் (ஒரு முறை பாசனம்) கொடுக்க 6,000 லிட்டர் ஆகும். ஆக ஐந்து தண்ணீர், அதிலும் ஆவியாவது போகக் குறையும். ஒரு ஏக்கர் நீர்போகத்தை இந்தக் குட்டையை நம்பி விதைத்தால் இரண்டாவது வாரத்தில் கைவிரிக்க வேண்டியதுதான். பத்து சென்ட் பூண்டையோ நாற்றங்காலையோ காப்பாற்ற இது போதும். தெளிப்பு நீர்க் கருவி வைத்தால் இன்னும் கொஞ்சம் நீளும். சிறு, குறு விவசாயிகளுக்கு நுண்ணீர்ப் பாசனத்துக்கு முழு மானியம் கிடைக்கும் மாநிலம் நம்முடையது.

இந்த அளவுக் குட்டைக்கு 9 மீட்டர் சதுர சில்பாலின் பிளாஸ்டிக் விரிப்பு வேண்டும். ஓரத்தை ஒரு அடி ஆழப் பள்ளத்தில் புதைத்து மண் மூட வேண்டும். விரிப்பதற்கு முன் வேர்நுனிகளையும் கூரான கற்களையும் பொறுக்கிவிட்டுச் சலித்த மண்ணால் மெழுகாவிட்டால், தண்ணீர்க் கனம் ஏறியதும் அடியில் ஓட்டை விழும். ஓட்டை தெரியாது. குட்டை குறைவதை வெயில் மேல் பழி போட்டுவிட்டு இருந்துவிடுவோம், கசிந்த தண்ணீரோ கீழ்ச்சரிவை ஊறவைத்துக்கொண்டிருக்கும். குட்டையின் எந்தப் பக்கமும் கொட்டிய மண்மேல் நிற்கக் கூடாது, நான்கு பக்கமும் வெட்டுமண்ணாகவே இருக்க வேண்டும். தண்ணீர் நுழையும் இடத்தில் 3 அடிக்கு 3 அடி வண்டல் தொட்டி, வழியும் இடத்தில் 4 அங்குலக் குழாய் வைத்து நேரே வடிகாலுக்கு இணைப்பு. இவை இரண்டும் இல்லாத குட்டைகளே அதிகம். வேலியும் வேண்டும், குட்டைக்குள் முடிச்சுப் போட்ட தடித்த கயிறு ஒன்றும் தொங்க வேண்டும். வழுக்கும் விரிப்பில் விழுந்த மனிதர் ஏறிவர முடியாது. கன்றுகளும் காட்டெருமைகளும் விழும் இடங்களில் ஒரு பக்கம் சாய்தளம் அமைத்து மணல்மூட்டை அடுக்க வேண்டும்.

பள்ளத்தாக்கின் அடிவாரச் சதுப்பைப் பற்றியும் எழுதியாக வேண்டும், மலையின் உண்மையான சேமிப்புத் தொட்டி அதுதான். கோடையில் ஓடை ஓடுவது அதன் தயவில். அதன் நடுவே ஆழமாக வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்து, மேல்சரிவு மண்ணைக் கொட்டி நிரப்பிக் கேரட் போட்ட இடங்களில், நிலம் கிடைத்தது, ஊற்று போனது. இருக்கும் வாய்க்காலை மூடச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் மழை ஓய்ந்த டிசம்பரில், வாய்க்காலில் நூறு அடிக்கு ஓரிடத்தில் கல்லால் காடி (பலகை நிற்கும் பிளவு) வைத்து ஒரு அடி உயரப் பலகைகளைச் செருகலாம். பாத்தியின் மேல்மட்டத்திலிருந்து இரண்டு அடிக்குக் கீழே நீர்மட்டம் நிற்கும்படி பார்த்துக்கொண்டால் வேர் அழுகாது, மேலே பாய்ச்சும் தேவையும் குறையும். மே மாதம் பலகையை எடுத்துவிட வேண்டும். ஓடையின் இரு கரையிலும் பத்தடியாவது உழாமல் விடுவதும், கேரட் கழுவும் தண்ணீரை இரண்டு தொட்டிகளில் தெளியவைத்த பிறகே ஓடையில் விடுவதும் இதோடு சேர்ந்தவை. ஊற்றின் தலைப்பகுதியில் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) வைப்பதை நிறுத்தியே ஆக வேண்டும். கிளென்மார்கனில் மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்கள் நீண்டகாலம் அளந்து பார்த்ததில், புல்வெளியோடு ஒப்பிட்டால் கற்பூர மரக்காட்டிலிருந்து வரும் தண்ணீர் முதல் சுற்றில் 16 சதவீதமும், வெட்டிய அடியிலிருந்து மறுபடி துளிர்த்த மறுதாம்புச் சுற்றில் சுமார் 25 சதவீதமும் குறைந்தது.

அதிகாரிகளின் கவனத்துக்கு மூன்று செய்திகளை உங்கள் நாளிதழ் மூலம் வைக்க விரும்புகிறேன். காய்கறி நிலத்தில் பெரும்பகுதி ஓராண்டு, ஒரு போகக் குத்தகையில் நடக்கிறது. அடுத்த ஆண்டு யார் உழுவார்கள் என்று தெரியாத நிலத்தில் குத்தகைதாரர் படி வெட்டமாட்டார். ஆகவே படிக்கட்டு வயலுக்கும் வடிகாலுக்குமான உதவி நில உரிமையாளர் பெயரில், ஐந்தாண்டுப் பராமரிப்பு நிபந்தனையோடு இருக்க வேண்டும். அடுத்தது, ஊரக வேலைத் திட்டப் பணிகளில் புதிதாக வெட்டுவதற்கு மட்டும் பணம் ஒதுக்காமல், பழைய வடிகாலில் சேர்ந்த மண்ணை அள்ளவும் கல் தடுப்புகளைச் செப்பனிடவும் ஒவ்வோர் ஆண்டும் ஒதுக்க வேண்டும். கடைசியாக, மலையில் மண் அள்ளும் இயந்திரத்துக்கு அனுமதி தேவை என்ற கட்டுப்பாடு சரியானதே, அது தளரக் கூடாது. அதே சமயம் கையால் செய்யும் படிக்கட்டு, கல் வடிகால் வேலைகளுக்கு இடம் பார்த்து மட்டக்கோடு போட்டுத் தர, வட்டாரத்துக்கு இரண்டு மூன்று பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும். உதகையில் 1954 முதல் இயங்கும் மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தில் அந்தப் பயிற்சியைத் தர ஆள் இருக்கிறார்கள். கடைபோக அறுவடை முடிந்து ஜனவரியில் நிலம் காலியாகும்போது கோடு போட்டால், ஏப்ரல் கடைசியில் கார்போக விதைப்புக்கு முன் வடிகாலும் முதல் பாத்திகளும் தயாராகிவிடும்.

இப்படிக்கு,
மண், நீர்ப் பாதுகாப்புப் பணியில் உள்ள வாசகர்,
கோத்தகிரி.